நட்சத்திரத்த சுத்தி "உயிர் வாழத் தகுந்த மண்டலம்"னு சொல்றாங்களே, அப்படின்னா என்ன?

கிரகத்துல தண்ணி கொதிச்சு ஆவியாகாம, மொத்தமா உறைஞ்சும் போகாம, திரவமா நிக்கக்கூடிய தூரத்துக்குத்தான் அந்தப் பேரு. ஏன் தண்ணியவே புடிச்சுத் தொங்குறாங்கன்னா, நமக்குத் தெரிஞ்ச எல்லா உயிருக்கும் அது வேணும். மார்கழில தீ மூட்டி குளிர் காயுற மாதிரிதான், கிட்ட போனா சுடும், தள்ளி உக்காந்தா நடுங்கும், தீ சின்னதுன்னா இன்னும் நெருங்கி உக்காரணும்.

டிராப்பிஸ்ட்-1 சுமார் 40 ஒளியாண்டு தள்ளி இருக்குற குட்டி சிவப்பு நட்சத்திரம், அதுக்கு 7 கிரகம் இருக்குன்னு 2017ல அறிவிச்சாங்க, அதுல 3 இந்த மண்டலத்துல வருது, அதுல ஒண்ணோட வருஷமே சுமாரா 6 நாள்தான் (பொறந்தநாள் கேக் வெட்டியே ஓஞ்சிடுவோம்). கிரகம் குறுக்க வரும்போது நட்சத்திர வெளிச்சம் துளி மங்கும், அத வெச்சுதான் கண்டுபுடிச்சாங்க.

மண்டலத்துக்குள்ள இருந்தாலே உயிர் இருக்கும்னு பலர் நினைக்கிறாங்க, நம்ம நிலாவும் சூரியனோட அந்த மண்டலத்துலதான் இருக்கு, அங்க ஒரு புல்லு கூட இல்ல.