வெந்நீர் விட்டுப்போகும் தாது: டெல்டாவிலிருந்து சில கேள்விகள்

திருவையாறு: ஆற்று மணலில் தங்கத்தூள் மாதிரி மினுங்குகிறதே?
காக்காப்பொன். கருப்பு வகை நாள்பட வெளுத்துப் பொன்னிறமாகும். தாம்பாளத்தில் அலசுங்கள், தண்ணீரோடு ஓடிவிடும். தங்கத்தின் ஒப்படர்த்தி 19.3, அடியை விட்டு நகராது.

மன்னார்குடி, முதுகலை மாணவி: பூமிக்கடியிலிருந்து வெந்நீர் எடுக்கும் புவிவெப்பக் கிணற்றுக் குழாயில் தங்கம் படியுமாமே, நிஜமா?
நிஜம்தான் அம்மா. நியூசிலாந்தின் ஓஹாக்கி கிணற்றுப் பொருக்கில் தங்கமும் வெள்ளியும் இருந்தது 1986இல் ஆய்விதழில் வந்தது. அந்தச் சுடுநீரில் தங்கம் தனியாகக் கரையாது, கந்தகத்தோடு கூட்டுச் சேர்ந்துதான் கரையும். ஆழத்தில் 250 டிகிரியைத் தாண்டினாலும் அழுத்தம் கொதிக்க விடாது. மேலே குழாயில் அழுத்தத்தைப் பிடித்துவைக்கும் துளைத்தட்டைத் தாண்டியதும் அழுத்தம் சட்டென்று விழும். குக்கர் வெயிட்டைத் தூக்கியதும் உள்ளே பொங்குமே, அதே சங்கதி. ஹைட்ரஜன் சல்பைடு ஆவியோடு கிளம்பிவிட, துணையிழந்த தங்கம் அங்கேயே படிகிறது.

பாறை விரிசலிலும் இதே கதைதான். துளையிட்டு எடுத்த பாறைத்துண்டில் தகடு தகடான கால்சைட்டும் (சுண்ணாம்புக் கனிமம்) அடுலேரியாவும் (ஒருவகை ஃபெல்ட்ஸ்பார் கனிமம்) இருந்தால் அங்கே கொதிப்பு நடந்திருக்கிறது. எபிடோட் என்ற பச்சைக் கனிமம் இருந்தால் சூடு பொதுவாக 240 டிகிரிக்கு மேல். ஆனால் அது என்றைக்கோ இருந்த சூடாகவும் இருக்கலாம். வெப்பமானியை இறக்காமல் அறிக்கை எழுதாதீர்கள்.

அவரே: நரிமணம் எண்ணெய்க் கிணறுகளிலும் அடியில் சூடு உண்டே?
உண்டு. கிலோமீட்டருக்கு சுமார் 30 டிகிரி ஏறுவது எங்கும் உள்ள வழக்கம். தாதுவுக்கு அது போதாது. வெந்நீர் விறுவிறுவென்று மேலேறக் கொதிக்கும் வழி வேண்டும். லடாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள பூகா பக்கம் போய்ப் பாருங்கள்.

கும்பகோணம்: கையிலிருப்பது பைரைட்டா, கால்கோபைரைட்டா?
பைரைட் இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம்; கால்கோபைரைட்டில் செம்பும் உண்டு. எஃகுக் கத்தியால் கீறுங்கள். கீறல் விழுந்தால் கால்கோபைரைட். மெருகிடாத பீங்கான் ஓட்டில் உரசிப் பயனில்லை, இரண்டுமே பச்சை கலந்த கருப்புக் கோடுதான் போடும்.

முத்துப்பேட்டை: இறால் குட்டை வெட்டினால் கருப்புச் சேறு, அழுகிய முட்டை நாற்றம். சேற்றில் பைரைட் இருக்கிறது என்றார்கள். கீழே வெந்நீரா?
இல்லை ஐயா. பைரைட்டுக்கு வெந்நீர் கட்டாயமில்லை. அலையாத்திச் சேற்றில் நுண்ணுயிர்கள் கடல்நீரின் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக்கும். அது இரும்போடு சேர்ந்து பைரைட்டாகும். தண்ணீருக்கடியில் கிடக்கும்வரை தொல்லையில்லை. வெட்டிக் கரையில் குவித்தால் காற்றுப்பட்டு கந்தக அமிலமாகி, முதல் மழையில் குட்டைக்குள் இறங்கும்.

ஒரு பிடிச் சேற்றின் பி.எச். அளவைக் குறித்துக்கொண்டு, ஈரம் காயாமல் காற்றுப்பட எட்டு வாரம் வையுங்கள். 4க்குக் கீழே இறங்கினால் அந்த மண்ணால் கரை போடாதீர்கள். ஒரு கிலோ பைரைட் முழுதும் அமிலமானால் அதை முறிக்க 1.67 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல் பொடி வேண்டும். கிளிஞ்சலை முழுசாகக் கொட்டினால் மேலே இரும்புத்துரு மூடி வேலை நின்றுபோகும்; மாவாக இடித்துக் கலக்குங்கள்.