வலி வந்தா மறதியும் வருமா? வேலூர் பக்கத்து கேள்விங்களும் பதிலும்

ஆம்பூர்ல ஷூ கம்பெனில தைக்கிறேன். 2 வருஷமா கழுத்து வலி, இப்போ சொன்னதெல்லாம் மறந்துடுது. வீட்ல நடிக்கிறேன்றாங்க.

நடிப்புன்னு அவ்ளோ சுலபமா சொல்லிட முடியாதும்மா. வலி 3 மாசம் தாண்டி நின்னுடுச்சுன்னா பாதி கவனத்தை அதுவே புடிச்சு வெச்சுக்கும், காதுல விழுறது உள்ள பதியவே பதியாது, பதியாதது எப்படி ஞாபகம் வரும்? என்கிட்ட வந்த ஒரு பீடி சுத்துற அம்மா, கட்டு எண்றப்ப பாதில விட்டுட்டு மறுபடி மொதல்லேர்ந்து எண்ணுவாங்க, ஆனா நான் அஞ்சு வார்த்தையை நிதானமா ரெண்டு தடவை சொன்னதும் அஞ்சையும் திருப்பி சொன்னாங்க. ஞாபகம் நல்லாதான் இருந்துச்சு, கவனம்தான் நிக்கல. உங்க மாத்திரை சீட்டையும் பாருங்க: பிரிகாபலின், கபாபென்டின், அமிட்ரிப்டிலின், டிராமடால் இதெல்லாம் மந்தமாக்கும். நீங்களா நிறுத்திடாதீங்க, டாக்டரை கேளுங்க. தூக்கம், தைராய்டு, பி12 இதையும் பாக்கணும்.

ராணிப்பேட்டை பைபாஸ்ல ஆக்சிடென்ட் ஆச்சு, கேஸ் நடக்குது. படம் காட்டி டெஸ்ட் வெச்சாங்க, 'முயற்சி போதல'ன்னு எழுதிட்டாங்க. இடுப்பு வலியோட உக்காந்தா மார்க் எப்படி சார் வரும்?

உங்க கோவம் புரியுது, ஆனா நேராவே சொல்லிடறேன். நீங்க சொல்றது டாம் (TOMM) டெஸ்ட் மாதிரி தெரியுது, ஞாபக டெஸ்ட் மாதிரி இருக்கும், ஆனா நெஜமா முயற்சி பண்றாங்களான்னு பாக்கத்தான் அது. 50 படம் காட்டுவாங்க, அப்புறம் ரெண்டு ரெண்டா காட்டி எதை பாத்தீங்கன்னு கேப்பாங்க. பாக்க கஷ்டமா இருக்கும், உண்மையில ரொம்ப ஈஸி, ரெண்டாவது சுத்துல 45க்கு கீழ போனா சந்தேகம் வரும். ஐஸ் தண்ணில கைய வெச்சு வலி உண்டாக்கி இதே டெஸ்டை 2005ல செஞ்சு பாத்தாங்க, வலியால மார்க் குறையல. அதனால வலி மட்டுமே காரணம்னா அது நிக்காது. அதே சமயம் ஃபெயில்னா பொய்யர்னும் அர்த்தம் இல்ல! அன்னிக்கு வந்த மார்க்கை நம்ப முடியாது, அவ்ளோதான். கண்ண மூடி அடிச்சாலே 25 பக்கம் வரும், அதுக்கும் ரொம்ப கீழ போனாத்தான் வேணும்னே தப்பா சொன்ன மாதிரி. ஒரே டெஸ்ட்டை வெச்சு யாரும் முடிவு எழுதக்கூடாது, இன்னொரு டெஸ்ட்டும் நல்லா விசாரிச்ச பேச்சும் சேரணும். அன்னிக்கு தூக்கம் இல்லையா, மாத்திரை மாறுச்சா, எந்த மொழில சொன்னாங்க, இதெல்லாம் எழுதி மறுபடி டெஸ்ட் கேளுங்க.

டெஸ்டுக்கு முன்னாடி நெட்ல படிச்சுட்டு போலாமா?

வேணாம். உங்களுக்கு நெஜமாவே கஷ்டம் இருந்தா அதையும் சேர்த்து சந்தேகப்படுவாங்க.

குடியாத்தத்துல இருந்து அம்மாவை ஞாபக டெஸ்டுக்கு கூட்டிட்டு வரேன், என்ன எடுத்துட்டு வரணும்?

மாத்திரை டப்பா மொத்தமும், கண்ணாடி, காது மிஷின் இருந்தா அதுவும். காலைல வெறும் வயித்தோட வேணாம், சாப்ட வெச்சு கூட்டிட்டு வாங்க. வலி ஏறினா நடுவுல எழுந்து நிக்கலாம்னு அம்மாகிட்ட முன்னயே சொல்லிடுங்க.