அதே உதடு, அதே இடம்: காய்ச்சல் கொப்புளம் திரும்பத் திரும்ப வருவது ஏன்?

கேள்வி: காய்ச்சல் வந்தாலும், வெயிலில் நெடுநேரம் அலைந்தாலும் என் கீழுதட்டின் இடது ஓரத்தில், எப்போதும் ஒரே இடத்தில், கொத்தாகக் கொப்புளம் கிளம்புகிறது. ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வருகிறது. வீட்டில் ‘உடல் சூடு’ என்கிறார்கள். எனக்கு நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதா? அதற்கென்று மாத்திரை ஏதும் சாப்பிட வேண்டுமா? தங்கைக்குக் குழந்தை பிறந்து 20 நாள் ஆகிறது, பார்க்கப் போகலாமா?

பதில்: கடைசிக் கேள்வியே அவசரமானது என்பதால் அதற்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன். கொப்புளம் இருக்கும்போது போகாதீர்கள். பிறந்து ஒன்றிரண்டு மாதம்கூட ஆகாத குழந்தையின் எதிர்ப்புச் செல்கள், இந்தக் கொப்புளத்தை உண்டாக்கும் வைரஸைத் தடுத்து நிறுத்தும் அளவுக்கு முதிர்ந்திருக்காது. கிருமி மூளைக்கும் கல்லீரலுக்கும் பரவினால் உயிருக்கே ஆபத்தாகும். பொருக்கு உதிர்ந்து தோல் முழுதாக மூடிய பிறகு செல்லுங்கள். புண் இல்லாத நாட்களிலும் உமிழ்நீரில் வைரஸ் வெளிப்படக்கூடும். ஆகவே கைகளை நன்றாகக் கழுவிய பின்பே குழந்தையைத் தூக்குங்கள், முகத்தில் முத்தமிட வேண்டாம்.

நீங்கள் விவரிப்பது ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை வைரஸின் வேலையாகத் தெரிகிறது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரின் உடலில் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. பெரும்பாலும் சிறு வயதில் தொற்றும் இந்த வைரஸ், உதட்டுத் தோலில் பெருகிய பின் அங்குள்ள உணர்வு நரம்பு வழியாக மேலேறி, காதுக்கு முன்புறம் மண்டையோட்டுக்குள் இருக்கும் முக்கிளை நரம்பு முடிச்சில் (முகத்தின் உணர்வு நரம்புச் செல்கள் திரண்டிருக்கும் இடம்) போய்ப் பதுங்குகிறது. பின்னர் விழித்தெழும்போது பெரும்பாலும் அதே நரம்பிழை வழியாகவே இறங்குகிறது. எப்போதும் ஒரே இடத்தில் கொப்புளம் வருவதற்கு இதுவே காரணம்.

உங்கள் எதிர்ப்புச் செல்கள் அந்த முடிச்சைக் கண்டுகொள்ளாமல் விடவில்லை. இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளை ஆராய்ந்தபோது, வைரஸ் குடியிருக்கும் நரம்புச் செல்களைச் சூழ்ந்து சிடி8 வகை டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் திரண்டிருப்பது தெரிந்தது. தோலில் தொற்றிய செல்லைக் கொன்றுவிடும் இதே டி செல்கள், நரம்புச் செல்லை மட்டும் கொல்வதில்லை. தோல் செல் அழிந்தால் சில நாட்களில் புதிதாக முளைத்துவிடும், நரம்புச் செல் போனால் போனதுதான். 2008இல் பிட்ஸ்பர்க் ஆய்வாளர்கள் எலிகளில் கண்டது வியப்புக்குரியது: டி செல்கள் கிரான்சைம் பி என்ற நொதியைச் செலுத்தி, வைரஸ் விழித்தெழத் தேவையான புரதமொன்றை மட்டும் வெட்டிச் சிதைத்தன, நரம்புச் செல் உயிரோடு இருந்தது. வைரஸ் முற்றிலும் ஒழியாமல் இருப்பது இந்த நிதானத்துக்கு நாம் கொடுக்கும் விலை என்றே நான் கருதுகிறேன்.

தோலிலும் காவல் உண்டு. இதே குடும்பத்தின் இரண்டாம் வகை வைரஸால் பிறப்புறுப்பில் புண் வந்து ஆறியவர்களிடம் சியாட்டில் ஆய்வாளர்கள் சிறிய தோல் துணுக்குகளை எடுத்துப் பார்த்தபோது, புண் சுவடின்றி ஆறிய பிறகும் மேல்தோலும் உள்தோலும் சந்திக்கும் கோட்டில், நரம்பு நுனிகளுக்கு அருகிலேயே, சிடி8 செல்கள் மாதக்கணக்கில் தங்கியிருந்தன. இரத்தத்தில் சுற்றி வராமல் அந்த இடத்திலேயே குடியிருந்து, முன்பு சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்கள் இவை. வைரஸ் அடிக்கடி சிறிதளவு கசிந்தாலும் பல தடவை கொப்புளமே வராமல் அடங்கிவிடுவது இவற்றால்தான். காய்ச்சல், தூக்கமின்மை, மன அழுத்தம், மாதவிடாய் நாட்கள் ஆகியவை இந்தச் சமநிலையைச் சற்றே குலைக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர் நரம்பைத் தூண்டுவதோடு, உதட்டுத் தோலின் எதிர்ப்புச் செல்களையும் தற்காலிகமாக மந்தப்படுத்துகிறது.

ஆகவே, ஆண்டுக்கு மூன்று நான்கு முறை வந்து, ஏழு முதல் பத்து நாட்களில் தானாக ஆறுகிறதென்றால் உங்கள் எதிர்ப்புச் சக்தி குறைந்துவிட்டதாகப் பொருளில்லை. எதிர்ப்புச் சக்தி மாத்திரைகளுக்கும் பொடிகளுக்கும் பணம் செலவிட வேண்டாம். இரத்தத்தில் எதிர்ப்பொருள் பரிசோதனையும் தேவையில்லை. எப்போதோ தொற்றியது என்பதைத் தவிர அது உங்களுக்குப் புதிதாக எதுவும் சொல்லாது.

மருந்து பயன்படுவது தொடக்க நேரத்தில்தான். கொப்புளம் தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பு அந்த இடத்தில் சுருக்கென்று குத்தும், அரிக்கும், எரியும். வைரஸ் வேகமாகப் பெருகுவது அப்போதிலிருந்து ஓரிரு நாள் வரைதான். பிறகு உங்கள் செல்களே அதை அடக்கிவிடுகின்றன. மருத்துவரிடம் முன்கூட்டியே சீட்டு வாங்கி வைத்திருந்து, குத்தல் தொடங்கியதும் வாலசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரையை 2 கிராம், 12 மணி நேரம் கழித்து மீண்டும் 2 கிராம் என எடுத்தால் புண் ஏறத்தாழ ஒரு நாள் முன்னதாக ஆறும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த அளவைக் குறைக்க வேண்டும். அசைக்ளோவிர் களிம்பின் பயன் இதைவிடக் குறைவு. இம்மருந்துகள் வைரஸின் சொந்த நொதியால் தூண்டப்பட்ட பிறகே செயல்படுவதால், முடிச்சில் உறங்கும் வைரஸை அவை தொடுவதில்லை. ஆண்டுக்கு ஆறு முறைக்கு மேல் வந்தால் தினசரித் தடுப்பு மருந்து பற்றி மருத்துவரிடம் பேசலாம். வெயிலில் செல்லும்போது எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் தடவுங்கள்.

மருந்துக் கடையில் கேட்டதும் கிடைக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பை, வைரஸ் எதிர்ப்பு மருந்து இல்லாமல் தனியாக ஒருபோதும் தடவாதீர்கள். உங்களுக்காகப் போராடும் செல்களையே அது முடக்கிவிடும். புண் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாவிட்டாலோ, பெரிதாகப் பரவினாலோ சர்க்கரை நோய், எச்ஐவி முதலியவை உண்டா என்று பார்க்க வேண்டும். கண் சிவந்து, வலித்து, வெளிச்சம் கூசினால் வீட்டிலுள்ள சொட்டு மருந்து எதையும் விடாமல் அன்றைக்கே கண் மருத்துவரிடம் செல்லுங்கள். அதே நரம்பு முடிச்சின் மற்றொரு கிளை கருவிழிக்கும் போகிறது.