டைம்ஷேரை விட்டு வெளியே வர 30,000 ராண்ட் கட்டலாமா?

கேள்வி: 2014-இல் நானும் என் கணவரும் டைம்ஷேர் விற்கும் ஒரு ஹாலிடே கிளப்பில் பாயிண்ட்ஸ், அதாவது வருஷா வருஷம் விடுமுறை விடுதிகளில் தங்குவதற்கான புள்ளிகள், வாங்கினோம். பரிசு விழுந்திருக்கிறது என்று போனில் கூப்பிட்டார்கள். போனதும் மணிக்கணக்கில் உட்கார வைத்துப் பேசி, அன்றைக்கே கையெழுத்து வாங்கிவிட்டார்கள். விலையைத் தவணையில் கட்டி முடித்துவிட்டோம். ஆனால் லெவி என்ற பராமரிப்புக் கட்டணம் வருஷா வருஷம் ஏறுகிறது. அவர் ரிட்டயர் ஆகிவிட்டார். பள்ளி விடுமுறையில் பேரப்பிள்ளைகளோடு போகலாம் என்றால் இடமே கிடைப்பதில்லை. இப்போது வேறொரு கம்பெனி போன் செய்து, 30,000 ராண்ட் முன்பணம் கட்டினால் ஒப்பந்தத்தை ரத்து செய்து தருவதாகச் சொல்கிறது. கட்டலாமா? எங்கள் காலத்துக்குப் பிறகு இது பிள்ளைகள் தலையில் விழுமா?
— ஒரு வாசகி, டோங்காட், தென்னாப்பிரிக்கா

பதில்: கட்டாதீர்கள் அக்கா. அந்தக் கம்பெனியால் செய்ய முடிந்ததெல்லாம் உங்கள் பெயரில் கிளப்புக்கு ஒரு கடிதம் போடுவதுதான். அதை நீங்களே போடலாம். இடையில் நிற்கும் ஆளோடு பேச மாட்டோம் என்று கிளப் சொல்லிவிட்டால், கட்டிய பணம் போனதுதான். இவர்களே இன்னொரு நாள், உங்கள் பாயிண்ட்ஸை வாங்க ஆள் தயார், மாற்றும் செலவை மட்டும் அனுப்புங்கள் என்றும் கூப்பிடலாம். எந்தப் பவர் ஆஃப் அட்டர்னியிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

கடிதம் போடுமுன் பீரோவில் இருக்கும் பழைய பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். நம் ஊரில் டைம்ஷேர் என்ற ஒரே பெயரில் மூன்று வகை ஓடுகிறது. வருஷத்தில் ஒரு வாரம் என்று பங்காக வாங்கி, சொத்துப் பத்திரங்களைப் பதியும் டீட்ஸ் ஆபீசில் பதிந்திருந்தால் அது சொத்து. வேண்டாம் என்று விட்டுவிட முடியாது, வேறொருவர் பெயருக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். ஷேர் பிளாக், அதாவது கட்டடத்தை வைத்திருக்கும் கம்பெனியில் பங்கு வாங்குவது, என்றால் கையில் இருப்பது பங்குச் சான்றிதழ், அந்தப் பங்கை மாற்ற வேண்டும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது மூன்றாவது வகை, அதாவது கிளப் உறுப்பினர் ஒப்பந்தம். மூன்றில் இதை ரத்து செய்யச் சொல்லிக் கேட்பதுதான் சுலபம்.

போனில் கூப்பிட்டு விற்றதை ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்ய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு இடம் தருகிறது. உங்களுக்கு அந்தக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அதே சட்டத்தின் 14-ஆம் பிரிவு இருக்கிறது. கால வரம்புள்ள ஒப்பந்தத்தை 20 வேலை நாள் எழுத்து நோட்டீஸ் கொடுத்து நுகர்வோர் முடித்துக்கொள்ளலாம். நியாயமான அளவுக்கு ஒரு கட்டணத்தை மட்டும் அவர்கள் பிடித்துக்கொள்ளலாம். இந்தச் சட்டம் 2011-இல் நடைமுறைக்கு வந்தது, உங்கள் கையெழுத்து 2014-இல் விழுந்தது. அதனால் இது பழைய ஒப்பந்தம், சட்டம் பொருந்தாது என்று அவர்கள் தட்டிக்கழிக்க முடியாது.

வேறொன்றைச் சொல்வார்கள். எங்கள் உறுப்பினர் பதவிக்குக் கால வரம்பே இல்லை, அது நிரந்தரம், ஆகவே 14-ஆம் பிரிவு பொருந்தாது என்பார்கள். எனக்கு இது விசித்திரமான வாதமாகத்தான் படுகிறது. இரண்டு வருஷத்துக்குக் கட்டிப்போட்டால் வெளியே வரலாம், ஆயுசு முழுக்கக் கட்டிப்போட்டால் வரக் கூடாதாம்! இப்படிப்பட்ட புகார்கள் குவிந்ததால்தான் நுகர்வோர் புகார்களை விசாரிக்கும் அரசு அமைப்பான நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன் 2017-இல் இந்தத் தொழிலைப் பற்றிப் பொது விசாரணையே நடத்தியது. ஆகவே தயங்காமல் 14-ஆம் பிரிவைக் குறிப்பிட்டே எழுதுங்கள்.

கடிதம் ஒரு பக்கம் போதும். உறுப்பினர் எண், ரத்து செய்கிறோம் என்ற ஒரு வரி, கணவர் ரிட்டயர் ஆன விவரம், வருமானம் குறைந்ததற்கான அத்தாட்சி. நீங்கள் இடம் கேட்டு இல்லை என்று வந்த ஈமெயில்களையும் சேர்த்துவிடுங்கள். ஓய்வு, நோய் என்று காரணம் காட்டினால் சில கிளப்புகள் பாயிண்ட்ஸைத் திருப்பி எடுத்துக்கொள்வதுண்டு. டிசம்பரில் ஜோஹன்னஸ்பர்க்கே கிளம்பி நம் கடற்கரைக்கு வந்துவிடுகிறது, இடம் எங்கே கிடைக்கும் என்பது வேறு விஷயம். கையெழுத்து வாங்கிய அன்று அவர்கள் அதைச் சொல்லவில்லை, இல்லையா?

கடிதம் போனதும், நேரில் வாருங்கள், பேசித் தீர்க்கலாம் என்று அன்பாகக் கூப்பிடுவார்கள். போகாதீர்கள். அங்கே பெரும்பாலும் இன்னும் அதிகப் பாயிண்ட்ஸ்தான் விற்பார்கள். எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுங்கள்.

மறுத்துவிட்டால், அல்லது பதிலே வராவிட்டால், கன்ஸ்யூமர் குட்ஸ் அண்ட் சர்வீசஸ் ஆம்பட் என்ற குறைதீர்ப்பு அமைப்பிடம் புகார் கொடுக்கலாம். கட்டணம் இல்லை. அதற்கும் மேலே நேஷனல் கன்ஸ்யூமர் கமிஷன் இருக்கிறது. புகாருக்கு மூன்று வருஷக் கெடு உண்டு என்பதால், 2014-இல் என்ன பொய் சொல்லி விற்றார்கள் என்பதையே முக்கியப் புகாராக வைக்காதீர்கள். இப்போது ரத்து செய்ய மறுக்கிறார்கள் என்பதை முன்னால் வையுங்கள்.

இது முடியும்வரை லெவியை நிறுத்த வேண்டாம். வங்கியில் தானாகப் பணம் பிடிக்கும் டெபிட் ஆர்டரை நிறுத்தினால் பணம் போவது நிற்கும், கடன் நிற்காது. பாக்கி வக்கீலிடம் போகும், சம்மன் வரும், கிரெடிட் ரெக்கார்டில் பெயர் கெடும். லெவி பாக்கி மூன்று வருஷத்தில் காலாவதியாகிவிடும் என்று யாராவது சொல்லக்கூடும். அதற்குள் அவர்கள் சம்மன் அனுப்பினாலோ, கடனை நீங்களே ஒப்புக்கொண்டாலோ அந்தக் கணக்கு மாறிவிடும். தவிர, ஒவ்வொரு வருஷமும் புது லெவி சேர்ந்துகொண்டே இருக்கும்.

பிள்ளைகளைப் பற்றி: பெற்றோர் கடனைப் பிள்ளைகள் தங்கள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும் என்று தென்னாப்பிரிக்கச் சட்டம் சொல்லவில்லை. இறந்தவர் விட்டுப்போன சொத்திலிருந்துதான் கடன் தீர்க்கப்படும். வாரிசாக வருவது வேண்டாம் என்றால் அதை மறுக்கவும் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. ஆனால் அவர்கள் இப்போதே இணை உறுப்பினராகக் கையெழுத்துப் போட்டுவிட்டால் கதை வேறு, அந்தக் கடன் அவர்களுடையதாகிவிடும். பாயிண்ட்ஸைப் பிள்ளைகள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கிறோம் என்று கிளப் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். உங்கள் மகனிடமும் மகளிடமும் இதை இந்த வாரமே சொல்லி வையுங்கள், ஏனென்றால் அடுத்த போன் அவர்களுக்கு வரலாம்.