படத்தைப் பார்த்துச் சிரிக்கிறான், எழுத்தைப் படிக்க மாட்டேன் என்கிறான்

கேள்வி: இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கு எழுத்துகள் தெரியும். சிரிப்புக் காமிக்ஸ் வாங்கிக் கொடுத்தால் படத்தை மட்டும் பார்த்துவிட்டுப் புரட்டிவிடுகிறான். எந்த மாதிரிப் புத்தகம் வாங்கலாம்? எப்படி வாசிக்க வைப்பது?

பதில்: கோளாறு பெரும்பாலும் புத்தகத்தில்தான். கடையில் நின்றபடியே, பேச்சுக் குமிழ்களை விரலால் மறைத்து ஒரு பக்கத்தைப் பாருங்கள். அப்போதும் சிரிப்பு வந்தால் அங்கே எழுத்துக்கு வேலையே இல்லை; பிள்ளை எதற்கு வாசிக்க வேண்டும்? மிதிபட்ட கீரைப்பாத்தி நடுவே வாய் நிறையத் தழையோடு ஓர் ஆடு, குமிழில் “நான் இல்லை!” என்று இருந்தால், வாசித்தவனுக்குத்தான் சிரிப்பு. இப்படிப் படமும் குமிழும் ஒன்றுக்கொன்று முரண்படும் புத்தகமாகத் தேடுங்கள்.

பக்கத்துக்கு 4 கட்டத்துக்கு மேல் வேண்டாம். குமிழுக்கு 3 முதல் 5 சொல் போதும். அதைவிட முக்கியம் சொல்லின் நீளம். ‘ஓடிப்போய்விட்டதாம்’ பார்க்க ஒரே சொல், எண்ணினால் 10 எழுத்து. ‘ஓடிப்போச்சு’ 6 எழுத்து, காதுக்கும் பழகியது. பேச்சுத்தமிழ் படித்தால் மொழி கெட்டுவிடும் என்ற பயம் இந்த வயதில் தேவையில்லை. எழுத்துத்தமிழுக்குப் பாடப்புத்தகம் இருக்கிறது.

அச்சையும் கவனியுங்கள். குமிழ் குறுகலாக இருந்தால் ‘தூங்கிட்’ ஒரு வரியிலும் ‘டான்’ அடுத்த வரியிலும் விழும். பிள்ளை இரண்டு சொல்லாகப் படித்து, பொருள் புரியாமல் நின்றுவிடுவான். பென்சிலால் இரண்டையும் ஒரு வளைகோட்டில் இணைத்துவிடுங்கள். ‘தொபுக்கடீர்’ போன்ற ஓசைகளை எழுத்து துள்ளுகிற மாதிரி வரைவார்கள். அதில் புள்ளி காணாமல் போகும், ‘தொ’வின் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து கிடக்கும். அதை நீங்களே ஒருமுறை படித்துக் காட்டிவிடுவது நல்லது.

சிவகாசியிலிருந்து வரும் லயன், முத்து காமிக்ஸ்களில் லக்கி லூக் அருமையான சிரிப்புதான். ஆனால் பொடி எழுத்து, நெரிசலான குமிழ். இரண்டு வருடம் போகட்டும். இப்போதைக்கு, காமிக்ஸ் இல்லையென்றாலும், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் முதல் நிலைத் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன. தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் கிடைத்தால் ‘நுழை’ வரிசையில் தொடங்குங்கள். நட, ஓடு, பற எல்லாம் பிறகு.

முதல் நாள் நீங்களே முழுக்கப் படியுங்கள், விரலைக் குமிழின் வாலில் வைத்து, யார் பேசுகிறார் என்று காட்டியபடி. மறுநாள் ‘டமால்’, ‘லபக்’ மட்டும் அவனுக்கு. மூன்றாம் நாள் ஆட்டின் குமிழெல்லாம் அவனுடையது, மற்றது உங்களுடையது. 10 நிமிடம் போதும். திணறினால் உடனே சொல்லிக்கொடுக்காமல் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். ஒரே பக்கத்தில் நான்கு சொல்லில் சிக்கினால் அந்தப் புத்தகம் ஒரு மாதம் பரணில் இருக்கட்டும்.

நாலைந்து நாளில் கடகடவென்று ஒப்பிப்பான். அது மனப்பாடமாகவும் இருக்கலாம். ஒரு குமிழின் வசனத்தை மட்டும் துண்டுச்சீட்டில் எழுதி, படமில்லாமல் நீட்டிப் பாருங்கள். அதையும் படித்துவிட்டால், வெற்றுக் குமிழ் ஒன்றை வரைந்து கொடுங்கள். ஆட்டின் அடுத்த பொய்யை அவனே எழுதட்டும். ‘நான் இள்ளை’ என்று எழுதினாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம்.