கசப்பு மரவள்ளி, இனிப்பு மரவள்ளி: எது அதிகம் விளையும்?

கேள்வி: ஆத்தூர் பக்கம் செம்மண் நிலத்தில், கிணற்றுப் பாசனத்தில், ஒரு ஏக்கரில் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காக எச்-226 என்ற கசப்பு ரகமும், அதையொட்டி அரை ஏக்கரில் சமையலுக்கான எம்-4 ரகமும் ஒரே வாரத்தில் நட்டேன். இப்போது ஐந்து மாதப் பயிர். எம்-4 ஆள் உயரத்தைத் தாண்டிவிட்டது. எச்-226 முளைத்த நாளிலிருந்தே இலை சுருண்டு, மஞ்சள் திட்டுகளுடன் இடுப்பளவில் நிற்கிறது. இரண்டுக்கும் ஒரே உரம்தான் வைத்தேன். "கசப்பு ரகம் உங்கள் மண்ணுக்கு ஒத்துவராது, அடுத்த பட்டத்தில் முழுவதும் இனிப்பு ரகம் நடுங்கள்" என்கிறார் குச்சி விற்ற வியாபாரி. மாறிவிடலாமா? இலையை ஆட்டுக்குப் போடலாமா?

பதில்: கசப்புக்கும் விளைச்சலுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. கிழங்கிலுள்ள லினமரின் என்ற பொருளிலிருந்து உண்டாகும் ஹைட்ரோசயனிக் அமிலம் என்ற நஞ்சு, பச்சைக் கிழங்கில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் இருந்தால் இனிப்பு ரகம் என்றும், 100 மில்லிகிராமைத் தாண்டினால் கசப்பு ரகம் என்றும் பொதுவாகப் பிரிக்கிறார்கள். வறட்சியும் அளவு மீறிய யூரியாவும் ஒரே ரகத்திலேயே அதைக் கூட்டிவிடும். எச்-226 பத்து மாதத்தில் ஏக்கருக்கு 12 முதல் 14 டன் வரையும், எம்-4 அதே காலத்தில் 7 முதல் 9 டன் வரையும் தருவதற்குக் காரணம், முன்னது விளைச்சலுக்கென்றே திருவனந்தபுரம் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிலையம் 1971-இல் வெளியிட்ட கலப்பினம் என்பதுதான். கசப்பில்லாத ஸ்ரீ ஜெயா ரகமும் ஏழே மாதத்தில் ஏக்கருக்கு 10 டன்னுக்கு மேல் தருகிறது. எம்-4 கிளைக்காமல் நேராக ஓங்கி வளரும் இயல்புடையது. அந்த உயரத்தை வைத்து மண்ணுக்கடியில் இருப்பதைக் கணக்கிட வேண்டாம்.

எந்த ரகம் என்று கேட்டீர்கள். எந்தச் செடியிலிருந்து வெட்டிய குச்சி என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் தேமல் என்ற வைரஸ் நோய்க்குரியவை. வெள்ளை ஈயால் பின்னர் தொற்றிய செடியில் அடியிலைகள் சுத்தமாக இருந்து மேலிலைகளில்தான் திட்டுத் தெரியும், இழப்பும் குறைவு. முளைத்ததிலிருந்தே சுருண்ட செடிக்கு நோய் கரணையிலேயே, அதாவது நட்ட தண்டுத் துண்டிலேயே, வந்திருக்கிறது. எச்-226 இந்நோய்க்கு எளிதில் இடம் கொடுக்கும் ரகம். அதன் குச்சியை எந்தத் தோட்டத்தில் வெட்டியது என்றே சொல்லாமல் கட்டுக் கணக்கில் லாரியில் ஏற்றிவந்து விற்பவர், நோயையும் சேர்த்தே விற்கிறார். அவரே இப்போது மண்ணைக் குறை சொல்லி அடுத்த ரகத்தின் குச்சியையும் விற்க முனைவதை என்னால் நல்லெண்ணம் என்று எடுத்துக்கொள்ள முடியவில்லை. ஏக்கருக்கு மூன்றடிக்கு மூன்றடி இடைவெளியில் ஏறத்தாழ ஐயாயிரம் கரணை போதும். அவ்வளவுக்காக வெளியாரை நம்புவது, என் கருத்தில், மரவள்ளி விவசாயி செய்யும் மிகப் பெரிய தவறு.

ஆகவே இன்றே தோட்டத்தில் இறங்கி, தேமல் சிறிதும் இல்லாத செடிகள் எத்தனை தேறினாலும் அவற்றில் வண்ணத் துணி கட்டுங்கள். அறுவடை வரை மாதம் ஒருமுறை பார்த்து, திட்டுத் தெரிந்தவற்றின் துணியை அவிழ்த்துவிடுங்கள். எஞ்சியவற்றின் நடுத்தண்டை மட்டும் எடுத்து, கரணைகளை முதலில் நாற்றங்காலில் நெருக்கமாக நட்டு, மூன்று வாரத்துக்குள் சுருளும் முளைகளைப் பிடுங்கி எரித்துவிட்டு, மீதியை வயலுக்கு மாற்றுங்கள். ஒரு செடிகூடத் தேறவில்லையானால், ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் உங்களுக்குப் பக்கம்தான். தேமலைத் தாங்கும் ஸ்ரீ பத்மநாபா, ஸ்ரீ ரக்ஷா போன்ற ரகங்களின் குச்சி எங்கே கிடைக்கும் என்று அங்கே விசாரியுங்கள். நோயுற்ற செடிக்குப் பூச்சிமருந்தும் டானிக்கும் தெளிப்பது கடைக்காரருக்கு மட்டுமே பயன்படும். அந்தப் பணத்தை அடுத்த பட்டத்தில் பொட்டாஷில் போடுங்கள்: பாசனப் பயிருக்கு ஏக்கருக்கு 160 கிலோ, அடியுரமாகப் பாதி, 90-ஆம் நாளில் பாதி. கிழங்கு பருப்பதும், ஆலையில் நீங்கள் வாங்கும் பாயிண்டும் (மாவுச்சத்தின் அளவு) அதைச் சார்ந்தவை; கசப்பையும் அது குறைக்கும்.

முழுவதும் இனிப்புக்கு மாறுவதை நான் ஆதரிக்கவில்லை. சமையல் கிழங்கைப் பிடுங்கிய இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கோடு ஓடிவிடும். சந்தை தேங்கினால் தள்ளிவிட வேறு வழி இராது. எலியும் பன்றியும் முதலில் தேடுவதும் அதைத்தான். வாங்குபவர் உறுதியாக இருக்கும் அளவுக்கு அரை ஏக்கரை வைத்துக்கொண்டு, மற்றதை ஆலைக்கே விடுங்கள்.

எச்-226-இன் பச்சை இலையை ஆட்டுக்குப் போட வேண்டாம். வயலுக்குள் மேயவும் விடாதீர்கள். நறுக்கி வெயிலில் மொறமொறப்பாகக் காயவைத்த பிறகு, மற்ற தீவனத்தோடு சிறிதளவு கலந்து கொடுக்கலாம்.