தினை வைத்தேன், தேன்சிட்டு வரவில்லையே?

கேள்வி: தோட்டத்தில் தினமும் தினையும் அரிசியும் வைக்கிறேன். புறாவும் சிட்டுக்குருவியும்தான் வருகின்றன. தேன்சிட்டு, கரிச்சான், தையல்சிட்டு எல்லாம் பக்கத்து மரத்திலேயே சுற்றுகின்றன, தட்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஏன்?

பதில்: அவற்றுக்கு அது சாப்பாடே இல்லையே! அலகைப் பாருங்கள், பாதி பதில் அங்கேயே இருக்கிறது. சிட்டுக்குருவிக்குக் குட்டையான, தடித்த அலகு. விதையை வாய்க்குள்ளேயே உருட்டி, உமியை உடைத்துத் துப்பிவிட்டு உள்ளிருப்பதை மட்டும் விழுங்கும். தட்டைச் சுற்றி உமி சிதறிக் கிடப்பது அதனால்தான். புறாவுக்கு அந்தப் பொறுமையெல்லாம் கிடையாது, முழுசாக விழுங்கிவிடும், அரைக்கும் வேலையை வயிற்றில் உள்ள அரைவைப் பை பார்த்துக்கொள்ளும், அதற்காகவே பொடிக்கற்களையும் பொறுக்கித் தின்னும். தேன்சிட்டின் மெல்லிய வளைந்த அலகு பூவுக்குள் நுழைய ஏற்பட்டது, அதை வைத்துக்கொண்டு தினையை என்ன செய்யும்? கரிச்சான் கம்பியில் காத்திருந்து பறக்கும் பூச்சியைப் பாய்ந்து பிடிக்கிற ஆசாமி. தையல்சிட்டு இலைக்கு அடியில் புழுவையும் சிலந்தியையும் தேடும்.

இந்தக் கடைசி இரண்டுக்கும் தட்டில் வைக்க நம்மிடம் ஒன்றுமில்லை. பூச்சிமருந்தை நிறுத்துங்கள், உதிர்ந்த இலையை ஒரு மூலையிலாவது கூட்டாமல் விடுங்கள், அப்புறம் அவை தாமாகவே வரும். தேன்சிட்டுக்குச் செம்பருத்தி மாதிரிப் பூச்செடி வையுங்கள். இன்னொன்று, தானியம் தின்னும் சிட்டுக்குருவிகூடக் குஞ்சுக்குப் பெரும்பாலும் புழு பூச்சிகளைத்தான் ஊட்டும், ஏனென்றால் வளர்கிற குஞ்சுக்குப் புரதம் வேண்டும். செடிக்கு மருந்தடித்துவிட்டுத் தட்டில் தானியம் கொட்டினால் பெரிய குருவிக்குப் பசி தீரும், கூட்டில் இருப்பதற்கு?

கேள்வி: சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா? தேன் இன்னும் நல்லதுதானே?

பதில்: பூச்செடி வைக்க இடமே இல்லையென்றால் வையுங்கள். வெள்ளைச் சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 4 பங்கு, அவ்வளவுதான். தேன் வேண்டாம், தண்ணீர் கலந்த தேனில் பூஞ்சையும் கிருமியும் சீக்கிரம் வளரும். சிவப்புச் சாயமும் வேண்டாம். வெயில் காலத்தில் தினமும் மாற்றிக் கழுவுங்கள். அது முடியாதென்றால் இந்த வேலையே வேண்டாம்.

கேள்வி: மீந்த ரொட்டி, பால், உப்புப் போட்ட வறுவல் போடலாமா?

பதில்: ரொட்டி விஷமில்லை, ஆனால் வயிற்றை நிரப்புமே தவிரச் சத்து குறைவு. பூஞ்சை பிடித்த ரொட்டி நுரையீரலையே கெடுக்கும், அதைக் குப்பையில்தான் போட வேண்டும். பாலில் உள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. உப்பு அதிகமானால் அந்தச் சின்ன உடம்பு தாங்காது. சாக்லேட், அவகாடோ பக்கமே போகாதீர்கள், இரண்டும் நஞ்சு. பழம் மீந்தால் தாராளமாக வையுங்கள். கனிந்த வாழைப்பழத்தையும் பப்பாளியையும் வெட்டி வைத்தால் மைனாவும் கொண்டைக்குருவியும் தேடி வரும், குயில்கூட வரலாம்.

கேள்வி: பச்சையாக அரிசி தின்றால் வயிற்றில் ஊதிப் பறவை செத்துவிடுமாமே?

பதில்: கட்டுக்கதை. வயலில் நெல்லை யார் வேகவைத்துக் கொடுக்கிறார்கள்?

கேள்வி: அணில் எல்லாவற்றையும் காலி செய்கிறது. மிளகாய்த்தூள் தூவலாம் என்கிறார்களே?

பதில்: விஷயம் உண்மைதான். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது, கிளி பழுத்த மிளகாயை ரசித்துத் தின்னும். அணிலுக்கு நம்மைப் போலவே எரியும். ஆனால் தூள் காற்றில் பறந்து உங்கள் கண்ணில்தான் விழும். தட்டை மரத்திலிருந்து தள்ளி, வழுக்கும் கம்பத்தில் வைத்து, நடுவில் கவிழ்த்த புனல் மாதிரி ஒரு தடுப்பை மாட்டுங்கள். ஜன்னல் பக்கம் வைப்பதாக இருந்தால் 1 மீட்டருக்குள் வையுங்கள், இல்லையென்றால் 10 மீட்டருக்கு அப்பால். நடுவில் வைத்தால் பறவை வேகமெடுத்து வந்து கண்ணாடியில் மோதும்.

கேள்வி: தட்டருகே ஒரு குருவி உடம்பை உப்பிக்கொண்டு கண்ணை மூடியபடி அசையாமல் இருக்கிறது. குளிரா?

பதில்: பக்கத்தில் போனாலும் பறக்கவில்லையென்றால் நோயாகத்தான் இருக்கும். உடனே தானியம் வைப்பதை நிறுத்துங்கள், குறைந்தது இரண்டு வாரத்துக்கு. நோய்ப்பட்ட பறவையின் எச்சிலும் எச்சமும் பட்ட தானியத்தை மற்றவை கொத்தும்போதுதான் தொற்று பரவுகிறது. பிரிட்டனில் 2005 வாக்கில் பச்சைக்குருவிகளிடம் டிரைக்கோமோனாஸ் என்ற ஒட்டுண்ணி பரவி, பிறகு வந்த ஆண்டுகளில் அவற்றின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே போனது. தீனித் தட்டும் அதில் ஒரு வழி. இதைச் சொன்னால் பறவைப் பிரியர்களுக்குக் கோபம் வரும், வரட்டும். தட்டை வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவிட்டுத்தான் மறுபடி நிரப்ப வேண்டும். ஒரு நாளில் தீருகிற அளவுக்கு மேல் கொட்டாதீர்கள்.

கேள்வி: பத்து நாள் ஊரில் இருக்க மாட்டேன். பறவைகள் பட்டினி கிடக்குமா?

பதில்: கிடக்காது. உங்கள் தட்டு அவற்றுக்கு இடைத்தீனிதான், பகல் முழுக்க வேறு பல இடங்களில் மேய்ந்துகொண்டுதான் இருக்கும். தண்ணீர்த் தொட்டியை மட்டும் கவிழ்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் திரும்பி வரும்போது கொசுதான் வரவேற்கும்.